கையில் 3 தோட்டா, எதிரே ஆட்கொல்லிப் புலி... ஜிம் கார்பெட்டுக்கு அந்த நாள் சொன்ன பாடம் என்ன?

1907ஆம் ஆண்டு. இமயமலைச் சாரலில் உள்ள குமாவுன் பகுதியின் சம்பாவத் ஊர். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண் புலி ஒன்றைத் தேடிப் போனார் ஜிம் கார்பெட். கையில் இருந்தது .500 ரக ரைஃபிள். கூடவே வெறும் 3 தோட்டாக்கள்.

இரண்டு முறை சுட வாய்ப்பு கிடைத்தாலே பெரிய விஷயம், மூணாவது அவசரத்துக்கு என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் மூன்றும் தீர்ந்த பிறகும் புலி உயிரோடுதான் இருந்தது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்தார். அதுவோ குழாய்க்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்த பழைய துப்பாக்கி. வாய்க்குக் குறிவைத்த குண்டு காலில் பட்டது. முன்பே பட்ட காயங்களால் புலி சாகும் நிலையில் இருந்ததால்தான் அவர் தப்பினார்.

யார் இந்த கார்பெட்?

1875 ஜூலை 25இல் நைனிடாலில் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பாவை இழந்தார். கவண், பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி எனக் காட்டில் வளர்ந்தார். அந்தத் துப்பாக்கியின் ஒரு குழல் வெடித்துப் போயிருந்தது. கெட்டித்துச் சுட இன்னொன்று மட்டுமே மிச்சம். அதனால் ஒவ்வொரு வெடியையும் யோசித்துத்தான் சுட வேண்டும். பின்னாளில் பீகாரின் மொகாமா காட்டில் 20 ஆண்டுகளுக்கும் மேல் ரயில்வே பணி பார்த்தார்.

தோட்டாவில் என்ன வித்தியாசம்?

ரைஃபிளின் எண், அதன் குழாய் அல்லது குண்டின் அகலத்தை அங்குலத்தில் குறிக்கும். .500 என்றால் சுமார் 12.7 மி.மீ. சம்பாவத் வேட்டைக்குப் பரிசாக அவருக்குக் கிடைத்த .275 ரிக்பி ரைஃபிளின் குண்டு சுமார் 7 மி.மீ. மட்டுமே. ஆனால் வேகம் அதிகம், துப்பாக்கியும் லேசு. மலையில் மைல் கணக்கில் நடக்கிறவருக்கு அது வசதி. நெருக்கத்தில் பாயும் புலிக்கு, கனமான குண்டு போடும் .450/400 இரட்டைக் குழல் ரைஃபிளையும் வைத்திருந்தார்.

தப்பிய குண்டால் என்ன ஆகும்?

இதுதான் கதையின் மையம். இறந்த புலியின் வாயைப் பார்த்தார் கார்பெட். வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களைத் தாக்கத் தொடங்கியது என்று அவர் முடிவுக்கு வந்தார். சரியாகப் படாத ஒரு குண்டுக்கு, சம்பந்தமே இல்லாத கிராமத்து மக்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

துப்பாக்கி டூ கேமரா

1926இல் ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை வீழ்த்தினார். அதன் பிறகு கேமரா பக்கம் அதிகம் திரும்பினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா உருவாக உதவினார். 1947இல் கென்யா சென்றவர், 1955 ஏப்ரல் 19இல் அங்கேயே காலமானார். அந்தப் பூங்காவுக்கு இன்று அவர் பெயர்தான். 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

இன்று எந்தத் தோட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலி, மான் வேட்டை குற்றம். நம்ம பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைக்கும் அதே சட்டம்தான் காவல்.