லலீக்கின் சூளையும் இரண்டாம் உலகப் போரும்

சூளையில் சிறு கண்ணாடிப் பொருட்களை வார்க்கும் கலையைப் பற்றித் தேடி வாசித்தபோது, எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்ட பெயர் ரெனே லலீக். அவருடைய அழகிய வாசனைத் திரவியப் போத்தல்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவரது தொழிற்சாலையைப் போர் என்ன செய்தது என்பதே என் அக்கறை.

1860 இல் பிரான்சின் ஆய் என்னும் ஊரில் பிறந்தவர் லலீக். 16 வயதில் தந்தையை இழந்தார். பரிஸில் லூயி ஒகொக் என்ற நகை வேலைக்காரரிடம் தொழில் பழகினார். பிறகு இங்கிலாந்து சென்று படித்தார். விலையுயர்ந்த கற்களை மட்டுமே நம்பாமல் கொம்பு, எனாமல், கண்ணாடி ஆகியவற்றாலும் நகை செய்தார். 1900 இல் நடந்த பரிஸ் உலகக் கண்காட்சி அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது.

அந்தப் புகழோடு நின்றுவிடாமல், நடுவயதில் முழுமையாகக் கண்ணாடிக்கு மாறினார். நம் ஊர்களில் வெண்கலச் சிலை வார்க்கும் முறைதான் அதிலும்: மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருகிய கண்ணாடியை நிரப்ப வேண்டும். பிறகு மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்புறம் முதலில் சுருங்கி, கண்ணாடி வெடித்துவிடும். பொருளை எடுக்க அச்சை உடைத்தே ஆகவேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் தனி ஒன்று. மெழுகில் பதிந்த விரல் ரேகைகளை இன்றும் சிலவற்றில் காணலாம்.

பிரான்சுவா கோட்டிக்காகச் செய்த வாசனைப் போத்தல்கள் அவரைப் பெருந்தொகை உற்பத்திக்கு இழுத்தன. உலோக அச்சுகளால் ஒரே வடிவத்தைப் பல முறை செய்ய முடிந்தது. 1921 இல் அல்சாஸ் பகுதியின் விங்கென் கிராமத்தில் புதிய தொழிற்சாலை கட்டத் தொடங்கினார். 1871 இல் ஜேர்மனியிடம் போய், முதலாம் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பிய மண் அது.

1940 இல் ஜேர்மனியர் மீண்டும் வந்தார்கள். தொழிற்சாலை அவர்கள் கைக்குப் போனது, உற்பத்தி நின்றது. 1945 ஜனவரியில் அந்தக் கிராமத்துக்குள்ளேயே அமெரிக்க, ஜேர்மனியப் படைகள் மோதின. அதே ஆண்டு மே மாதம், ஐரோப்பாவில் போர் முடிந்த நாட்களில், 85 வயதில் பரிஸில் லலீக் காலமானார். தன் சூளை மீண்டும் எரிவதை அவர் பார்க்கவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோனதைக் கண்ட நமக்கு இந்த இடம் நன்றாகவே புரியும். ஆனால் விங்கெனில் கதை வேறு விதமாகப் போனது. தந்தையோடு வேலை செய்து தொழிலறிந்திருந்த மகன் மார்க், போருக்குப் பின் தொழிற்சாலையை மீட்டெடுத்து, கிரிஸ்டல் கண்ணாடிக்கு மாற்றினார். 2011 இல் அதே கிராமத்தில் லலீக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் அது நடந்திருக்காது. தொழில் தெரிந்த ஒருவர் உயிரோடு எஞ்சியிருந்தார்.