ஆசார்ய ஸம்பந்தமே உயிராக நின்ற கூரத்தாழ்வான்

ஆசார்ய பக்தி என்றவுடன் ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர்களின் திருவுள்ளத்தில் முதலில் தோன்றுபவர் மதுரகவியாழ்வார். அடுத்துத் தோன்றுபவர் வடுகநம்பி. எம்பெருமானாருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த சமயத்தில் நம்பெருமாள் புறப்பாடு கண்டருள, அடுப்பை விட்டு எழுந்து வர மறுத்த மஹான் அவர். இவ்விருவருடைய நிஷ்டையும் ஆசார்யன் திருவடியை விட்டு அகலாத நிஷ்டை. கூரத்தாழ்வானுடைய சரித்திரமோ வேறு விதமானது. அவருடைய ஆசார்ய பக்தி முழுமையாக வெளிப்பட்ட காலம் ஆசார்யனைப் பிரிந்து வாழ்ந்த காலம். அதனாலேயே அவர் சரித்திரம் நம் போன்ற எளியோர்க்கு அதிகம் உதவுகிறது.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் என்னும் கிராமத்தில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் திருவவதாரம் செய்தருளினார். குருபரம்பரைக் கணக்கின்படி அது ஸௌம்ய வருஷம், ஆங்கில வருஷம் 1010. எம்பெருமானார் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்தது 1017-இல். ஆக, சிஷ்யர் ஆசார்யனைக் காட்டிலும் ஏழு வயது மூத்தவர். வயதோ, குலமோ, செல்வமோ, வித்யையோ எதிலும் குறைவில்லாத ஒருவர் தம்மினும் இளையவரின் திருவடிகளில் தலை வைத்தார் என்பதை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவர் திருநாமம். திருமறுமார்பன் என்று தமிழில் வழங்குவர். கூரத்தில் அவர் திருமாளிகையில் விடிந்தது முதல் நள்ளிரவு வரை அன்னதானம் நடந்துவந்தது. ஒரு நாள் இரவு கதவுகளைச் சாத்திய ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் விழ, அது என்ன ஓசை என்று பிராட்டி வினவ, திருக்கச்சிநம்பிகள் ஆழ்வானின் தர்மத்தைப் பற்றி விண்ணப்பித்தார் என்பர். பிராட்டியே கேட்டருளினாள் என்றால் மற்றொருவர் பெருமிதம் கொண்டிருப்பார். ஆழ்வானுக்கோ கூச்சமே மிகுந்தது. தாம் செய்யும் தானத்தின் ஓசை தாயாரின் ஸந்நிதி வரையில் எட்டியது அபசாரம் என்று வருந்தி, செல்வம் அனைத்தையும் துறந்து, தேவிகள் ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார்.

வழியில் காடு. இங்கே பயமுண்டோ என்று தேவிகள் கேட்க, மடியில் பொருள் இருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். கணவர் அமுது செய்தருள உதவும் என்று ஒரே ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்திருந்த அம்மையார் அதை வெளியே எடுக்க, ஆழ்வான் வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு மேலே நடந்தார். திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியே ஜீவனம். மழையால் வெளியே செல்ல முடியாமல் இருவரும் பட்டினி கிடந்த ஓரிரவில், கோயிலில் தளிகை மணி ஒலித்தது. உம்முடைய பக்தர் இங்கே பசித்திருக்க நீர் அங்கே அமுது செய்தருளுகிறீரோ என்று அம்மையார் மனத்துக்குள் நினைத்தார். சற்றைக்கெல்லாம் ப்ரஸாதம் வாத்ய கோஷத்துடன் வீடு தேடி வந்தது. அந்த ப்ரஸாத மஹிமையால் பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் அவதரித்தனர்.

அக்காலத்தில் பெரிய கோயில் நிர்வாகமும் திறவுகோலும் திருவரங்கத்தமுதனாரிடம் இருந்தன. கோயில் ஒழுங்குகளைச் சீர்செய்ய எம்பெருமானார் திருவுள்ளம் பற்றியிருந்தும், அவர் மனம் இசையாமல் காரியம் நடவாது. அந்நிலையில் அமுதனாரின் தாயார் பரமபதித்தார். பதினோராம் நாள் ஏகாஹத்தில் நிமந்த்ரணம் ஏற்று உட்காருவதற்கு வைதிகர்கள் எளிதில் முன்வருவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. அப்படி உட்கார்ந்தவரை அதன்பின் சில காலம் மற்ற காரியங்களுக்கு அழைப்பதுமில்லை. எம்பெருமானாரின் நியமனத்தால் ஆழ்வான் சென்று அந்த ஆசனத்தில் அமர்ந்தார். போஜனம் முடிந்து, திருப்தியா என்று கர்த்தா கேட்கவேண்டும். திருப்தி என்று உண்டவர் சொன்னால்தான் கர்மா பூர்த்தியாகும். ஆழ்வான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கோயில் திறவுகோலைத் தந்தால் திருப்தி என்றார். அமுதனாரும் தந்தருளினார். அதற்குப் பின் ஆழ்வானையே ஆச்ரயித்த அந்த அமுதனார்தாம், இன்றும் திவ்யதேசங்களில் நித்யம் ஸேவிக்கப்படும் இராமாநுச நூற்றந்தாதியின் 108 பாசுரங்களை அருளிச்செய்தவர். திறவுகோல் வாங்கியது பெரிதன்று. வைதிகர்கள் தயங்கும் ஆசனத்தில் இவ்வளவு பெரிய வித்வான் முகம் சுளிக்காமல் உட்கார்ந்ததே பெரிது.

அவர் வித்யையைப் பற்றிச் சொல்ல ஒரு நிகழ்ச்சி போதும். ப்ரஹ்மஸூத்ரத்துக்கு போதாயன மஹர்ஷி அருளிய விருத்தி க்ரந்தத்தைத் தேடி எம்பெருமானார் காச்மீரம் எழுந்தருளியபோது ஆழ்வானும் உடன் சென்றார். பெற்ற ஓலைச்சுவடியை அவ்வூரார் பின்தொடர்ந்து வந்து பறித்துச் சென்றனர். எம்பெருமானார் வருந்தி நிற்க, இரவுகளில் தாம் அதை வாசித்து மனத்தில் தரித்திருப்பதாக ஆழ்வான் விண்ணப்பித்தார். பின்பு ஸ்ரீபாஷ்யம் அருளப்பட்டபோது எழுதும் கைங்கர்யமும் அவருடையதாயிற்று. தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதாமல் நிறுத்தவேண்டும் என்பது எம்பெருமானாரே இட்ட நியமனம்.

ஒரு நாள் எழுத்தாணி நின்றது. ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லுமிடத்தில், அறிகிறவனாயிருத்தல் என்பது மட்டுமே சொல்லப்பட்டது; எம்பெருமானுக்கே அடிமைப்பட்டவன் என்பது சொல்லப்படவில்லை. ஆழ்வான் வாய் திறவாமல் கையை மட்டும் நிறுத்தினார். எம்பெருமானார் சீறி, பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்து சென்றார். அருகிலிருந்தவர்கள் திகைத்து, இனி என்ன செய்வது என்று கேட்டபோது, உடைமையை உடையவர் எப்படியும் செய்யலாம், உடைமைக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஆழ்வான் அமைதியாயிருந்தார். எம்பெருமானார் தனித்திருந்து ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே பொருத்தம் என்று திருவுள்ளம் பற்றி, அவரை அழைத்து மேலே எழுதச் செய்தருளினார். ஆசார்யனிடம் பக்தி என்பது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எண்ணுவோர் இவ்விடத்தைச் சிந்திக்கவேண்டும். ஜீவன் அடிமைப்பட்டவன் என்ற அர்த்தத்தை விட்டுக்கொடுக்காமல் கையை நிறுத்தியவர், தாம் ஆசார்யனுக்கு அடிமைப்பட்டவர் என்ற நிலையையும் அதே நாழிகையில் விடாமல் இருந்தார்.

பின்பு கடுங்காலம் வந்தது. ஸம்ப்ரதாயத்தில் கிருமிகண்ட சோழன் என்று வழங்கப்படும் அரசன், தன் கொள்கைக்கு எம்பெருமானாரின் கையொப்பத்தை வேண்டி ஆள் அனுப்பினான். செய்தி அறிந்த ஆழ்வான், நீராடச் சென்றிருந்த எம்பெருமானாருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, பெரியநம்பிகளுடன் அரசவைக்குச் சென்றார். எம்பெருமானார் ஆழ்வானுடைய வெள்ளை வஸ்த்ரத்தைச் சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளவேண்டியதாயிற்று. அவையில் ஆழ்வான் இசையவில்லை. கண்களைப் பறிக்க அரசன் ஆணையிட, அவனைக் கண்ட கண்கள் வேண்டா என்று ஆழ்வான் தம் கண்களைத் தாமே போக்கிக்கொண்டார். முதிர்ந்த வயதினரான பெரியநம்பிகளும் கண் இழந்து, திரும்பும் வழியிலேயே ஆழ்வான் மடியில் தலை வைத்துப் பரமபதித்தார். அவருடைய திருமகளார் அத்துழாயின் துணையுடன் ஆழ்வான் திருவரங்கம் வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு வாசல் அவருக்காகக் காத்திருந்தது. எம்பெருமானார் ஸம்பந்தமுடையவர் எவரையும் கோயிலுக்குள் விடலாகாது என்ற கட்டளை அப்போது அமலில் இருந்தது. ஆழ்வான் வாசலை அடைந்தபோது காவலர்களில் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், இவர் எல்லோருக்கும் நல்லவர், இவரைத் தடுக்கவேண்டா என்றான். கண் இழந்து, ஆசார்யனைப் பிரிந்து, பெரியநம்பிகளை வழியில் பறிகொடுத்து வந்திருக்கும் ஒருவருக்கு அரங்கன் ஸந்நிதியைத் தவிர வேறு ஆறுதல் ஏது? இரண்டடி எடுத்து வைத்தால் உள்ளே போய்விடலாம். பொய் சொல்லவேண்டியதில்லை, ஆசார்யனை மறுக்கவேண்டியதில்லை, பேசாமல் நடந்தால் போதும்.

ஆழ்வான் நடக்கவில்லை. என்னிடம் ஏதாவது நற்குணம் இருந்தால் அது எம்பெருமானார் திருவடி ஸம்பந்தத்தால் வந்தது. அந்த ஸம்பந்தத்தை நீக்கிவிட்டு, நல்லவன் என்ற பெயரால் கிடைக்கும் பெருமாள் ஸேவை எனக்கு வேண்டா என்று திரும்பினார். பொன் வட்டிலை எறிவது ஓரளவு எளிது. கூரத்துச் செல்வத்தை விட்டவர்க்கு வட்டில் எம்மாத்திரம்? பலகாலம் ஒழுகி ஈட்டிய நற்பெயர் மனிதனிடம் கடைசி வரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் செல்வம். எதிர்க்கட்சியார் வாயாலேயே கிடைத்த அந்தப் பெயரை ஆழ்வான் அரங்கன் வாசலிலேயே போட்டுவிட்டு, குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்குச் சென்றார்.

கண்ணில்லாத அக்காலத்தில், கள்ளழகரின் திருமேனி அழகை வர்ணிக்கும் ஸுந்தரபாஹு ஸ்தவம் அவர் திருவாக்கிலிருந்து வெளிவந்தது. ஸ்ரீவைகுண்ட ஸ்தவம், அதிமானுஷ ஸ்தவம், வரதராஜ ஸ்தவம், 11 ச்லோகங்களே கொண்ட ஸ்ரீஸ்தவம் ஆகியவற்றோடு சேர்த்து இவை பஞ்சஸ்தவம் எனப் பெறும். எம்பெருமானார் திருநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த காலம் பன்னிரண்டு ஆண்டு என்பர். அத்தனை ஆண்டும் ஆசார்யன் திருமுகத்தைக் காணும் கண்ணும் இல்லை, அவர் குரலைக் கேட்கும் பாக்யமும் இல்லை. பக்தி குறையவில்லை.

அரசன் மாண்டபின் எம்பெருமானார் திருவரங்கம் திரும்பினார். ஆழ்வானைக் கண்டு, தம்பொருட்டு இழந்த கண்களைத் தடவிக் கண்ணீர் பெருக்கினார். ஆழ்வானோ, எந்த ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண் கோணலாயிருக்கிறது என்று எப்போதாவது நினைத்தேனோ, அதன் பலன் போலும் என்று தம்மேல் குற்றத்தை ஏற்றிக்கொண்டார். வரம் தரும் பேரருளாளனிடம் கண் வேண்டும்படி எம்பெருமானார் நியமித்து அவரைக் காஞ்சிக்கு அழைத்துச் சென்றார். வரதராஜ ஸ்தவம் கேட்டு உகந்த பெருமாள், வேண்டியதைக் கேள் என்றான். ஆழ்வான் கேட்டது நாலூரானுக்காக. ஆழ்வானிடம் பயின்றவனாயிருந்தும், எம்பெருமானாரை அழைக்கும்படி அரசனைத் தூண்டிவிட்டவன் அந்த நாலூரான். தாம் பெறும் பேற்றை அவனும் பெறவேண்டும் என்று ஆழ்வான் கேட்க, பெருமாளும் இசைந்தான். கண் கேட்காமல் இதைக் கேட்டீரே என்று எம்பெருமானார் நொந்தார். நொந்தாலும், தம்மைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் மோக்ஷம் வாங்கித்தரும் ஒரு சிஷ்யரைப் பெற்றோமே என்ற உவப்பும் அந்நோவுக்குள் இருந்திருக்கும்.

மற்றொரு நாள் ஆழ்வான் நம்பெருமாள் ஸந்நிதியில் தனித்து நின்று, பரமபதம் தந்தருளும்படி வேண்டினார். பெருமாள் அவருக்கும், அவர் ஸம்பந்தமுடையார் அனைவருக்கும் தந்தோம் என்றருளினான். இதைக் கேட்ட எம்பெருமானார், ஆழ்வான் ஸம்பந்தத்தால் நமக்கும் பேறு உண்டு என்று தம் காஷாயத்தை மேலே எறிந்து ஆனந்தித்தார். உவகை அடங்கியபின், நம்மை விட்டு முன்னே போகலாமோ என்று வருந்தினார். பரமபதத்தில் புதிதாக வருபவரை முன்பே அங்கிருப்பவர்கள் எதிர்கொண்டு அழைப்பது வழக்கம்; தேவரீர் முன்னே எழுந்தருளினால் அடியேனை எதிர்கொள்ளத் தேவரீர் வரவேண்டி வரும்; அது முறையன்று என்றார் ஆழ்வான்.

எம்பெருமானார் ஆழ்வானின் திருச்செவியில் த்வயத்தை அருளிச்செய்தார். ஆழ்வான் ஆசார்யன் திருவடிகளைக் கைகளால் தடவி, கண்களில் ஒற்றி, விடைபெற்றுத் தம் திருமாளிகைக்கு நடந்தார்.