வட்டத்தை விட்டவர்

இயற்பியலில் கெப்ளர் விதியை மூணே வரியில் படிச்சு முடிச்சிடுறோம். முதல் வரிக்கே அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஜோகன்னஸ் கெப்ளர் 1571-ல் ஜெர்மனியில் பிறந்தார். சிறு வயதில் பெரியம்மை வந்து கண்பார்வை மங்கிவிட்டது. (வானத்தை ஆராயப் போகிறவருக்கு!) 1600-ல் பிராக் நகரில் டைக்கோ பிராஹேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். தொலைநோக்கியே இல்லாமல் டைக்கோ அளந்து வைத்த செவ்வாய்க் கணக்கு, அவர் இறந்ததும் கெப்ளர் கைக்கு வந்தது.

வட்டம்தான் குறையே இல்லாத வடிவம், கோள்களும் வட்டத்தில்தான் சுற்றும் என்று எல்லோரும் நம்பிய காலம். கெப்ளரும் நம்பினார். வட்டம் போட்டுப் பார்த்தார், கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு! வித்தியாசம் வெறும் 8 நிமிடக் கோணம். முழு நிலா அகலத்தில் கால்வாசி. நாமா இருந்தா விட்டிருப்போம். டைக்கோ அவ்வளவு தப்பா அளக்கமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். மொத்தக் கணக்கையும் தூக்கிப் போட்டார். எது பூரணம், அழகான வடிவமா, வானத்தோட ஒத்துப்போற கணக்கா? முட்டை வடிவம்கூடப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நீள்வட்டம்தான் பொருந்தியது. 1609-ல் வந்த அவர் புத்தகத்தில் அந்தத் தோல்விகளையும் மறைக்காமல் எழுதிவிட்டார்.

1630-ல், வரவேண்டிய பணத்தைக் கேட்கப் போன ஊரில் காய்ச்சல் வந்து இறந்தார். பிறகு நடந்த போரில் அவர் கல்லறையும் அழிஞ்சு போச்சு.