குடிகாரரைத் தேடிய குடிகாரர்

கோயிலில் சத்தியம் செய்து, மூன்று மாதம் சுத்தமாக இருந்து, பெருநாளன்று மீண்டும் குடியில் விழுந்த ஒருவரையாவது நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிலரது வீட்டிலேயே அவர் இருக்கலாம். அப்படிப் பலமுறை விழுந்த ஒருவரின் வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் கத்தோலிக்கரும் அல்லர், புனிதரும் அல்லர்.

வில்லியம் வில்சன் 1895ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில், ஒரு விடுதியின் மதுச்சாலைக்குப் பின்புறமிருந்த அறையில் பிறந்தார். பெற்றோர் பிரிந்ததால் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் படை அதிகாரியாக இருந்தபோதுதான் முதன்முதலாகக் குடித்தார். கூச்சம் நிறைந்த அந்த இளைஞருக்கு மது தைரியமாகத் தோன்றியது. நியூயோர்க் பங்குச் சந்தையில் ஈட்டிய பணத்தை 1929இன் வீழ்ச்சியில் இழந்தார். மனைவி லோயிஸ் ஒரு பெரிய கடையில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். அவருடைய கைப்பையிலிருந்தே கணவர் பணம் திருடினார். இனிக் குடிப்பதில்லை என்று வீட்டு வேதாகமத்தில் எழுதி வைத்தார், ஒருமுறையல்ல, பலமுறை.

1934 நவம்பரில், குடியை விட்டிருந்த பழைய நண்பர் ஒருவர் அவரைத் தேடி வந்து தம் கதையைச் சொன்னார். அடுத்த மாதம் வில்சன் வைத்தியசாலையில் சேர்ந்தார். குடிவெறி ஒரு நோய் என்பதை டொக்டர் சில்க்வர்த் அவருக்கு விளக்கினார். அங்கே அவருக்கு ஆழ்ந்த இறை அனுபவமும் கிடைத்தது. பின்னர் அவர் குடிக்கவேயில்லை. உடனே மற்றக் குடிகாரர்களைத் தேடிச் சென்று போதிக்கத் தொடங்கினார். ஆறு மாதமாக ஒருவரும் திருந்தவில்லை. பிரசங்கத்தைக் குறைத்து, முதலில் நோயைப் பற்றிப் பேசும்படி டொக்டர் ஆலோசனை கூறினார். (பிரசங்கபீடத்தில் நிற்கும் நாமும் இதைக் கேட்டு வைப்பது நல்லது.)

1935 மே மாதம் தொழில் அலுவலாக ஒகையோ மாநிலத்தின் அக்றன் நகருக்குச் சென்றார். அலுவல் தோல்வியில் முடிந்தது. சனிக்கிழமை மாலை, கையில் ஏறத்தாழப் பத்து டொலர், தெரிந்தவர் எவருமில்லாத ஊர். மேபிளவர் விடுதியின் முன்கூடத்தில் ஒருபுறம் மதுச்சாலையின் சிரிப்பொலி கேட்டது. மறுபுறம் ஊர்க் கோயில்களின் பெயர்ப்பலகையும் ஒரு தொலைபேசியும் இருந்தன. அவருக்கு நடுக்கம் எடுத்தது. தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரருடன் பேசாவிட்டால் தாம் குடித்துவிடுவார் என்பதை உணர்ந்தார். அந்த ஊராரைத் திருத்துவதற்காக அல்ல, தாம் தப்புவதற்காகவே தொலைபேசியை எடுத்தார்.

பலகையிலிருந்து தெரிந்தெடுத்த ஒரு போதகரை அழைத்தார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, இறுதியில் ஹென்றியெற்றா சைபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். அவருக்கு ஒரு குடிகார டொக்டரைத் தெரியும்: றொபேட் ஸ்மித். டொக்டர் அன்று வெறியில் கிடந்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வந்தார், கால் மணி நேரம் மட்டும் இருப்பதாக நிபந்தனை போட்டுக்கொண்டு. எழுந்தபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது. தம் நோயைத் தம்முள்ளேயே அறிந்த ஒருவரை அவர் அதுவரை சந்தித்ததில்லை. இடையில் ஒருமுறை அவர் சறுக்கினார். ஆயினும் 1935 யூன் 10ஆம் திகதிக்குப் பின் குடிக்கவில்லை. அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், அதாவது பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்னும் இயக்கம் அந்த நாளையே தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

நம்மவர் பங்கும் இதில் உண்டு. அக்றனில் புனித தோமையார் வைத்தியசாலையின் அருட்சகோதரி இக்னேசியா, 1939இல் டொக்டர் ஸ்மித் கொண்டுவந்த குடிநோயாளியை ஏற்றுக்கொண்டார். ஒருவரைப் பூக்கள் ஒழுங்கு செய்யும் அறையில் ஒளித்தும் வைத்தார். 1950இல் டொக்டர் இறக்குமுன் இருவரும் ஏறத்தாழ 5,000 பேரைப் பராமரித்தனர். வீடு திரும்பும் நோயாளிக்குச் சகோதரி திருஇருதயப் பட்டம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிப்பதானால் முதலில் அதைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். சேசு சபைக் குருவான எட்வேட் டௌலிங், இவ்வியக்கத்தின் பன்னிரண்டு படிகளில் புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளின் சாயலைக் கண்டு, 1940இன் இறுதியில் வில்சனைத் தேடி நியூயோர்க் சென்றார். வில்சனுக்கோ அந்தப் பயிற்சிகள் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை! 1960இல் குருவானவர் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது.

இல்லத்தரசிகளே, லோயிஸையும் கவனியுங்கள். கணவர் குடியை விட்ட பின்பும் ஒருநாள், கூட்டத்துக்குப் புறப்படும்படி அவர் அவசரப்படுத்தியபோது, லோயிஸ் சப்பாத்தை எடுத்து எறிந்தார். குடி தம்மையும் நோயாளியாக்கியிருந்ததை அன்று உணர்ந்தார். குடிநோயாளரின் குடும்பத்தவருக்காக அல்-அனொன் என்ற அமைப்பை 1951இல் தொடங்கினார்.

இந்தக் கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. குடியை நிறுத்த விரும்புவது ஒன்றே தகுதி. முதற்பெயர் மட்டும் சொன்னால் போதும். திறந்த கூட்டங்களுக்குக் குடும்பத்தவரும் போகலாம். அருகில் கூட்டம் இருக்கிறதா என்று உங்கள் பங்குத்தந்தையிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். முதல் அழைப்பில் கிடைக்காவிட்டால் இன்னொருவரைக் கேளுங்கள். வில்சனும் பலரை அழைத்த பிறகே டொக்டரைக் கண்டார்.

வில்சன் மனச்சோர்வினால் பல ஆண்டுகள் வருந்தினார். புகைப்பழக்கத்தை அவரால் வெல்ல முடியவில்லை. நுரையீரல் நோயால் 1971 சனவரி 24ஆம் நாள், அவர்களுடைய ஐம்பத்து மூன்றாவது திருமண நாளில், காலமானார். பிறந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் இயக்கத்தின் பெயர் இல்லை. தாங்கள் குடிக்காதிருந்த மாதங்களையும் ஆண்டுகளையும் குறிக்கும் சிறு பதக்கங்களை அங்கு வருபவர்கள் அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.