இறைபராமரிப்பின் ஊழியர் புனித கொத்தொலெங்கோ

ஏப்ரல் 30ஆம் நாளில் திருச்சபை நினைவுகூரும் புனிதர்களுள் ஒருவர் புனித யோசேப்பு பெனடிக்ற் கொத்தொலெங்கோ. பதுவைப் பதியரான புனித அந்தோனியாரை அறிந்த அளவுக்கு எமது குடும்பங்கள் இவரை அறியமாட்டா. ஆனால் இத்தாலியின் வடபகுதியில் இவருடைய பெயரை அறியாதவர் அரிது. நோயாளருக்கும் ஆதரவற்றோருக்கும் உறைவிடம் அமைக்க முற்படும் எவரும், பணத்திற்கு வழியென்ன என்ற கேள்வியையே முதலில் எதிர்கொள்வர். அக்கேள்விக்கு இக்குருவானவர் கண்ட விடை விசித்திரமானது. அன்பார்ந்த வாசகர்களே, அதனை அறிய அவருடைய வாழ்வைச் சற்று நோக்குவோம்.

1786ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், பியமொந்துப் பிரதேசத்தின் பிரா என்னும் ஊரில் அவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளுள் மூத்தவர். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் கோலொன்றைக் கையிலெடுத்து வீட்டு அறையை அளந்துகொண்டிருந்தாராம். ஏன் அளக்கிறாய் என்று தாய் வினவியபோது, அங்கே நோயாளருக்கு எத்தனை கட்டில்கள் போடலாம் என்று பார்ப்பதாகக் கூறினாராம். புனிதர்களின் இளமையைப் பற்றி இத்தகைய கதைகள் பிற்காலத்தில் வளர்வது இயல்பு. எனினும் இக்கதை அவருக்கு நன்கு பொருந்துகின்றது.

1811இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1816இல் இறையியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1818இல் தூரின் நகரின் திவ்விய நற்கருணை ஆலயக் குருக்கள் குழாமில் இடம்பெற்றார். அது மதிப்பான பதவி, குறையற்ற வாழ்க்கை. ஆயினும் நாற்பது வயதை எட்டியபோது அவருடைய உள்ளத்தில் அமைதி இல்லை. செய்யவேண்டிய ஏதோவொன்றைச் செய்யாமல் இருக்கிறோம் என்ற ஏக்கம் அவரை வாட்டியது. அந்நாட்களில் புனித வின்சென்ற் தே போலின் வாழ்க்கை வரலாறு அவர் கைக்கு வந்தது. அதை வாசித்தார். ஆயினும் வழி தெளிவாகவில்லை.

1827ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் அவ்வழி திறந்தது. மிலானிலிருந்து பிரான்சின் லியோன் நகருக்குப் பயணமாகிக்கொண்டிருந்த ஏழைக் குடும்பம் ஒன்று தூரினை அடைந்தது. தாயின் பெயர் ஜோன் மரி கொனே. அவர் கர்ப்பவதி, கடும் நோயாலும் பீடிக்கப்பட்டிருந்தார். கணவர் அவரைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். கர்ப்பவதிகளை அங்கு ஏற்பதில்லை என்றனர். பிரசவ விடுதிக்குக் கொண்டுசென்றார். நோயுற்றவர்களை அங்கு ஏற்பதில்லை என்றனர். இறுதியில், ஏழை வழிப்போக்கர் இரவில் ஒதுங்கும் இடமொன்றில் அப்பெண் கிடத்தப்பட்டார். அருகிலிருந்த ஆலயத்திலிருந்து கொத்தொலெங்கோ அழைக்கப்பட்டார். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நோயில்பூசுதல் அளித்தார். கணவரும் பிள்ளைகளும் கதறியழ, அத்தாய் உயிர்நீத்தார். வயிற்றிலிருந்த சிசுவும் பிழைக்கவில்லை.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்விரு நிலையங்களும் கொடியவர்களால் நடத்தப்பட்டவை அல்ல. தொற்றுநோய் உள்ளவரைப் பிரசவ விடுதியில் சேர்த்தால் ஏனைய தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து நேரலாம். ஒவ்வொரு விதிக்கும் தக்க காரணம் இருந்தது. எவரும் தம் கடமையில் தவறவில்லை. ஆயினும் இரு வாசல்களுக்கும் இடையே ஒரு தாய் இறந்துபோனார்.

கொத்தொலெங்கோ நேரே ஆலயத்துக்குத் திரும்பினார். மணியை ஒலிக்கச் செய்து, தேவமாதாவின் பீடத்தில் மெழுகுதிரிகளை ஏற்றுவித்து, கூடிய மக்களோடு மாதாவின் மன்றாட்டுமாலையைச் செபித்தார். எழுந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது என்பர். தமக்கிருந்த பொருட்களை விற்றார். தமது மேலங்கியையும் விட்டுவைக்கவில்லை. ஆலயத்துக்கு எதிரே வோல்ற்றா ரொஸ்ஸா எனப்பட்ட வீட்டில் அறைகளை வாடகைக்கு எடுத்து, 1828 ஜனவரி 17இல் சில கட்டில்களோடு பணியை ஆரம்பித்தார். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கே அங்கு முதலிடம்.

வைத்தியர் லொரென்ஸோ கிறனெற்றி தம் சேவையை வழங்கினார். மரியன்னா நாசி என்னும் விதவைத் தாய் நோயாளரைப் பராமரிக்கும் பெண்களை ஒன்றுதிரட்டி வழிநடத்தினார். கொத்தொலெங்கோ சபைச் சகோதரிகளின் தொடக்கம் அதுவே. இறைபராமரிப்பு என்று அவர் போதித்தது வானிலிருந்து விழும் பொற்காசுகளை அல்ல. இத்தகைய மனிதரின் கைகளூடாகவே அது அவரிடம் வந்தது.

1831இல் கொலரா நோய் பரவக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. நகரின் நடுவே நோயாளர் தங்குமிடம் இருத்தலாகாது என அதிகாரிகள் அதனை மூடினர். மூன்று ஆண்டுகளின் உழைப்பு ஒரே கட்டளையால் முடிவுற்றது. வேறொருவர் மனமுடைந்திருப்பார். இவரோ, தம் ஊரில் கோவா நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால்தான் அது செழிக்கும் என்று கூறிச் சிரித்தாராம். 1832 ஏப்ரல் 27இல், கழுதை பூட்டிய வண்டியில் கால் அழுகிய நோயாளி ஒருவரை ஏற்றி, சகோதரிகள் இருவரோடு நகர்ப்புறத்தில் உள்ள வல்தொக்கோ பகுதிக்குச் சென்றார். அங்கு அமைந்த இல்லத்திற்கு 'இறைபராமரிப்பின் சிறிய இல்லம்' என்று பெயரிட்டார்.

சிறிய இல்லம் விரைவில் ஓர் ஊராயிற்று. விசுவாச இல்லம், நம்பிக்கை இல்லம், மாதா இல்லம், பெத்லகேம் எனக் கட்டடங்கள் எழுந்தன. அநாதைப் பிள்ளைகள், செவிப்புலனற்றோர், வலிப்பு நோயாளர், அறிவுவளர்ச்சி குன்றியோர், முதியோர் அனைவரும் ஏற்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவையும் அவர் 'குடும்பம்' என்றே அழைத்தார். அறிவுவளர்ச்சி குன்றியோரைப் பரிகாசப் பெயரால் அழைத்த அக்காலத்தில், அவர்களுக்கு 'நல்ல பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார். குடும்பத்தை இழந்தவருக்குக் கூரையுடன் உறவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பணம்? நிலையான முதலீட்டை அவர் வைத்திருக்க விரும்பவில்லை. கொடையாளரின் பெயர்ப் பட்டியலோ வரவுசெலவுக் கணக்கோ பேணவில்லை. இன்று வந்ததை இன்றே ஏழைகளுக்குச் செலவிட்டார். கையில் ஒன்றும் இல்லாத நாட்களில், வெறுமையான கட்டில் ஏதேனும் உண்டா என்று தேடுவாராம். இடமிருந்தும் எவரையோ ஏற்காமல் விட்டதால்தான் உதவி தடைப்பட்டது என்பது அவர் எண்ணம். கடன்காரர் வாசலில் நின்று கூச்சலிட்ட நாட்களும் இருந்தன. இல்லத்தின் முதல் வேலை செபமே என்று விதித்து, நற்கருணை முன்னிலையில் முறைவைத்துச் செபிக்க ஏற்பாடு செய்தார். நன்கொடைகளைப் பொறுப்பேற்கும் இன்றைய பங்குகளும் சங்கங்களும் கணக்கில்லாமல் இருத்தல் ஆகாது; அவ்வகையில் அவர் பின்பற்றத்தக்க மாதிரி அல்ல என்றே நான் கருதுகிறேன். ஆனால், நிதி சேர்ந்த பின்பு நோயாளியை ஏற்போம் என்று அவர் ஒருநாளும் காத்திருக்கவில்லை.

மன்னர் சாள்ஸ் அல்பேட் 1833இல் இல்லத்திற்கு அரச அங்கீகாரம் வழங்கினார். உமக்குப் பின் இதன் கதி என்ன என்று மன்னர் கேட்டபோது, அரண்மனை வாயிலில் காவலர் மாறுவதை அவர் சுட்டிக்காட்டினார் என்பர். ஒருவர் போக மற்றவர் அமைதியாக அவ்விடத்தில் நிற்கிறார்.

1841இல் குருவான தொன் பொஸ்கோவும் இவ்வில்லத்துக்கு வந்தார். அவரது அங்கியைத் தொட்டுப்பார்த்த கொத்தொலெங்கோ, துணி மிக மெல்லியது, உறுதியானதை அணியும், பல சிறுவர்கள் இதைப் பற்றித் தொங்கப்போகிறார்கள் என்றாராம். எமது நாட்டிலும் பணியாற்றும் சலேசிய சபையின் முதல் நிலையம், பின்னர் அதே வல்தொக்கோவில், சிறிய இல்லத்தின் அயலிலேயே அமைந்தது.

1842இல் தைபஸ் காய்ச்சல் அவரைப் பற்றியது. பணிப்பொறுப்பை அருட்தந்தை லூயிஜி அங்லேசியோவிடம் கையளித்து, கியேரி என்னும் ஊரிலிருந்த தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றார். ஏப்ரல் 30இல் அங்கே இறைவனடி சேர்ந்தார். அவருக்கு 56 வயது நிரம்ப மூன்று நாட்களே இருந்தன. பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் 1917இல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1934 மார்ச் 19இல் புனிதராகவும் அறிவித்தனர். பதின்மூன்று நாட்களின் பின், உயிர்ப்புத் திருநாளன்று, தொன் பொஸ்கோவும் புனிதரானார். தூரினில் உள்ள சிறிய இல்லம் இன்றும் நோயாளரையும் முதியோரையும் ஏற்று வருகின்றது.