ரமண மகரிஷியின் கைவேலைகள்

ரமண மகரிஷி (டிசம்பர் 30, 1879 – ஏப்ரல் 14, 1950) திருச்சுழியில் பிறந்து திருவண்ணாமலையில் வாழ்ந்த ஆன்மிக ஞானி ஆவார். தன்னை நாடும் விசார நெறிக்காகவும் மௌனத்திற்காகவும் அவர் உலகெங்கும் அறியப்படுகிறார். கோவணம் அணிந்து சோபாவில் சாய்ந்திருக்கும் அவரது ஒளிப்படங்களே பெரிதும் பரவியுள்ளன. அப்படங்களை மட்டும் கண்டவர்கள், அவர் தம் வாழ்வின் பெரும்பகுதியில் மரம், சிரட்டை, இலை, காகிதம், மண் ஆகியவற்றுடன் ஓயாது வேலை செய்தவர் என்பதை அறியும் வாய்ப்புக் குறைவு. இக்கட்டுரை அவரது வாழ்க்கையை அக்கைவேலைகளின் வழியாகக் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

திருச்சுழி, விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே உள்ள ஊராகும். சுந்தரரின் தேவாரப் பாடல் பெற்ற திருமேனிநாதர் கோயில் இங்கு உள்ளது. பனையும் கருவேலும் நிறைந்த இவ்வானம் பார்த்த பூமியில் ஏர், வண்டிச்சக்கரம், கைப்பிடி என வேளாண் கருவிகள் பலவற்றிற்கும் கருவேலமே மூலப்பொருளாக இருந்தது. இங்கு வழக்குரைத்து வந்த சுந்தரம் ஐயருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாவது மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். பிற்காலத்தில் ரமணர் எனப்பட்டவர் இவரே. அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்னும் பெயரில் பராமரிக்கப்படுகிறது.

1892 ஆம் ஆண்டு தந்தை இறந்தபின் வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பா சுப்பையரின் வீட்டில் தங்கிப் படித்தார். படிப்பில் அவருக்கு ஆர்வம் குறைவு. 1896 சூலையில் அவ்வீட்டின் மாடியில் திடீரென மரண பயம் தோன்றி, இறப்பது எது என்று தமக்குள் ஆராய்ந்த நிகழ்வு அவரது வாழ்க்கையை மாற்றியது. ஆறு வாரங்களுக்குப் பின் அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். செப்டம்பர் 1, 1896 அன்று திருவண்ணாமலையை அடைந்தார். எஞ்சியிருந்த பணத்தை அய்யங்குளத்தில் எறிந்தார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக அணிந்தார். அதன்பின் ஊசி, கத்தி என்று எதுவும் அவருக்குச் சொந்தமாக இல்லை. அவரது கைவேலைகளைப் புரிந்துகொள்ள இதை நினைவில் கொள்வது அவசியம்.

முள் ஊசி

பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவளக்குன்று முதலிய இடங்களில் தங்கியபின் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். மலையில் வாழ்ந்த காலத்தில் அவரது துண்டு நூற்றுக்கணக்கான துளைகளுடன் நைந்து போயிருந்தது. ஓர் இடையன் அதனைக் கண்டு கவர்னர் இத்துண்டைக் கேட்கிறார் என்று கேலி செய்ததாகவும், கொடுக்க முடியாது எனச் சொல்லிவிடுமாறு அவர் பதிலளித்ததாகவும் கூறப்படுகிறது.

கோவணம் கிழிந்தபோது யாரிடமும் ஊசி நூல் கேட்கவில்லை. ஒரு முள்ளை எடுத்து, மற்றொரு மெல்லிய முள்ளால் அதன் அடியில் காது துளைத்தார். கோவணத் துணியிலிருந்தே நூலை உருவி, அதில் கோத்துத் தைத்தார். இங்கு ஊசியும், ஊசியைச் செய்த துரப்பணமும் முள்ளே. நூலோ பழுதுபட்ட பொருளிலிருந்தே கிடைத்தது. வீட்டில் சிறு தச்சுப் பட்டறை வைக்க விரும்புவோர் முதலில் கருவிகளை வாங்கிக் குவித்துவிட்டுப் பின்னர் வேலையைத் தேடுவது இன்று பொதுவான வழக்கம். இங்கு முறை நேர்மாறானது: வேலை முன்னே வந்தது, கருவி அதிலிருந்து பிறந்தது.

இடையனின் கோல்

அவரது மரவேலை பற்றிய மிகவும் அறியப்பட்ட நிகழ்வு ஒரு கேள்வியில் தொடங்கியது. வேலூர் ஊரிஸ் கல்லூரியின் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பலன் கருதாமல் செய்யும் செயல் எத்தகையது என்று அவரிடம் கேட்டார். பதில் இல்லை. சிறிது நேரம் கழித்து ரமணர் மலைமேல் நடக்கத் தொடங்கினார். பண்டிதரும் வேறு சிலரும் பின்தொடர்ந்தனர். வழியில் முட்கள் நிறைந்த ஒரு கிளை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அமர்ந்து முட்களை ஒவ்வொன்றாக நீக்கினார், கணுக்களைச் சமப்படுத்தினார், சொரசொரப்பான ஓர் இலையால் முழுவதும் தேய்த்தார். இவ்வேலை ஏறத்தாழ ஆறு மணி நேரம் நடந்தது.

மரவேலை அறிந்தவர்களுக்கு இக்கால அளவு வியப்பளிக்காது. கணுவைச் சுற்றி மரத்தின் இழை வளைந்து ஓடுவதால் ஒரே திசையில் சீவினால் நார் பிய்ந்து எழும். இரு பக்கங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். கணு சமமாகாமல் மெருகேற்றினால் மேடு மேடாகவே நிற்கும். ஆகவே வேலையின் வரிசையும் சரியானதே. உப்புத்தாளுக்குப் பதிலாக இலையைப் பயன்படுத்துவதும் புதுமையன்று. பராய் மரத்தின் சொரசொரப்பான இலை மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்றப் பயன்பட்டது. ரமணர் எடுத்தது எந்த இலை என்பதை நிகழ்வைப் பதிந்தவர்கள் குறிப்பிடவில்லை.

முள் கிளை பளபளப்பான கோலாயிற்று. உடனிருந்தோர் வியந்துகொண்டிருக்கையில் தன் கோலைத் தொலைத்த இடையச் சிறுவன் ஒருவன் அவ்வழியே வந்தான். ரமணர் உடனே அதை அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தம் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது எனப் பண்டிதர் உணர்ந்தார். கோல் எவருக்காகச் செய்யப்பட்டது என்பது செய்து முடிக்கும்வரை எவருக்கும் தெரியாது. ஆயினும் எந்தக் கணுவும் அரைகுறையாக விடப்படவில்லை.

சிரட்டை, இலை, காகிதம்

கைத்தடிகளைச் செதுக்கி மெருகிடுவதும் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துக் கிண்ணமாக்குவதும் அவரது வழக்கமான வேலைகள். இலைகளைத் தைத்து உணவுத் தட்டாக்கினார். புத்தகங்களைக் கட்டடம் செய்தார். கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் எழுதப்படாமல் எஞ்சிய வெற்றுப் பகுதிகளை வெட்டிச் சிறு குறிப்பேடுகளாகத் தைத்தார். வரும் தபாலில் இருந்த குண்டூசிகளும் சேமிக்கப்பட்டன.

1916 இல் தாய் அழகம்மாள் வந்து தங்கியபின் கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது. 1922 இல் தாய் மறைந்தபின் மலையடிவாரத்தில் ரமணாசிரமம் உருவாயிற்று. அங்கு ரமணர் விடியலுக்கு முன்பே எழுந்து காய்கறி நறுக்கினார், மாவரைத்தார். பார்வையாளர் கூட்டம் பெருகிய 1930களின் இறுதியில் இவ்வேலைகளை நிறுத்திக்கொண்டார்.

மாட்டுக்கொட்டில்

1928 இல் ஆசிரமத்திற்கு வந்த அண்ணாமலை சுவாமிக்குக் கட்டட அனுபவம் கிடையாது. ரமணரே அவரைக் கட்டடப் பணிகளின் மேற்பார்வையாளராக ஆக்கி, காகிதத் துண்டுகளில் வரைந்து காட்டியும் அன்றாடம் வேலையைப் பார்வையிட்டும் நடத்தினார். இலட்சுமி என்னும் பசுவுக்கான கொட்டிலைக் கட்டியபோது கருத்து வேறுபாடு எழுந்தது. ஆசிரம நிர்வாகியும் ரமணரின் தம்பியுமான நிரஞ்சனானந்த சுவாமி (சின்னசுவாமி) கையிலிருந்த பணத்திற்கேற்பச் சிறிய கொட்டில் போதும் என்றார். ரமணர் பெரிய கொட்டிலையே விரும்பினார். நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்திருந்ததால் வெளிப்படையாக ஆணையிடவில்லை. இடையில் சிக்கிய அண்ணாமலை சுவாமி கண்டனங்களைப் பொறுத்துக்கொண்டு பெரிய கொட்டிலையே கட்டி முடித்தார். பலன் கருதாத செயல் என்பது விளைவில் அக்கறையின்மை என்று பொருள் கொள்வோர் இந்நிகழ்வைக் கவனிக்க வேண்டும். சுவரின் அளவு வரை அவர் அக்கறை காட்டியிருக்கிறார்.

இறுதிக் காலம்

1949 இல் இடக்கையில் தோன்றிய கட்டி புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டு நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் தாயின் சமாதிமேல் எழுப்பப்பட்ட மாத்ருபூதேசுவரர் கோயிலின் குடமுழுக்கு நடைபெற்றது. ஏப்ரல் 14, 1950 அன்று இரவு 8.47 மணிக்கு ரமணர் மறைந்தார். தம் கைவேலைகளைப் பற்றி அவர் தனியாக எதுவும் எழுதவில்லை. நாம் அறிபவை உடனிருந்தோரின் கடிதங்கள், நாட்குறிப்புகள், நினைவுக் குறிப்புகள் வழியாகவே கிடைக்கின்றன. அவற்றுள் சூரி நாகம்மாவின் கடிதங்களும் தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பும் முதன்மையானவை. மூட்டுவலியால் நெடுங்காலம் ஊன்றி நடந்த கைத்தடியும் கமண்டலமும் ஆசிரமத்தில் பாதுகாக்கப்படுகின்றன.