பனியை நிறுத்துப் பார்த்த லத்தீன் பேராசிரியர்

மலைமீது எவ்வளவு பனி கிடக்கிறது என்று கேட்டால் இத்தனை அடி என்று எவரும் சொல்லிவிடலாம். அது உருகினால் எவ்வளவு நீர் கிடைக்கும் என்று கேட்டால் அந்த விடை போதாது. புதிதாகப் பெய்த பத்து அங்குலப் பனி உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீரே மிஞ்சும். குளிர்காலம் முழுவதும் அழுந்தி இறுகிய அதே பத்து அங்குலத்தில் நான்கு அங்குல நீர் இருக்கக்கூடும். பனியின் உண்மையான மதிப்பு அதன் எடையில் இருக்கிறது. அமெரிக்காவில் இதை நடைமுறை அறிவியலாக வளர்த்தெடுத்த ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச், லத்தீன் இலக்கியம் கற்பித்த பேராசிரியர் என்பது வியப்புக்குரியது.

மிச்சிகன் மாநிலத்தில் 1869-ஆம் ஆண்டு பிறந்த சர்ச், 1892-இல் நெவாடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் வாழ்ந்த ரீனோ நகருக்கு அருகே 10,776 அடி உயரத்தில் நிற்கிறது ரோஸ் மலை. கோடையில் ஏறுவதே கடினமான அம்மலையில் 1895-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் ஏறினார். பொழுதுபோக்காகத் தொடங்கிய மலையேற்றம் ஆராய்ச்சியாக மாறியது. அடுத்த பத்தாண்டுகளில் மலையுச்சியில் ஒரு வானிலை ஆய்வுக்கூடமும் எழுந்தது.

அவர் வடிவமைத்த கருவி மிக எளியது. முனையில் பற்கள் கொண்ட உள்ளீடற்ற எஃகுக் குழாயைப் பனிக்குள் தரைவரை செலுத்தி, உள்ளே சிக்கிய பனியோடு வெளியே எடுத்துத் தராசில் தொங்கவிட வேண்டும். வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் பனியின் எடை தெரியும்; அதிலிருந்து நீரின் அளவும் தெரியும். ஆண்டுதோறும் அதே இடங்களில் அளந்து, வழக்கமான அளவோடு ஒப்பிட்டால், வரவிருக்கும் நீர்வரத்தைக் கணிக்கலாம்.

இந்தக் கணிப்புக்கு விரைவிலேயே சோதனை வந்தது. டாஹோ ஏரியின் நீரைத் தேக்கினால் கரையோர உடைமையாளர்களுக்கு வெள்ள அச்சம். முன்கூட்டியே திறந்துவிட்டால் கீழேயுள்ள உழவர்களுக்கும் மின் உற்பத்திக்கும் கோடையில் பற்றாக்குறை. ஏரியின் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதை 1911-இல் பனி அளவைக் கொண்டு சர்ச் முன்கூட்டியே கணித்தார். ஊகத்தின்மேல் நடந்த வாதத்துக்கு ஓர் எண் அடிப்படையாகக் கிடைத்தது. 1930-களின் நடுவில் அமெரிக்க நடுவண் அரசே மேற்கு மலைகளில் பனி அளவீட்டை மேற்கொண்டது.

பனியின் எடை நீர்க்கணக்கோடு நிற்பதில்லை. உயிர்க்கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. அடியிலுள்ள வலுவற்ற அடுக்கின்மீது புதுப்பனியின் சுமை மிகும்போது, செங்குத்தான சரிவுகளில் பனிச்சரிவு நிகழ்கிறது. மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும். ஆபத்தோ கண்ணுக்குத் தெரியாத அடுக்கில் இருக்கும். ஆகவேதான் இன்று பனிமலைப் பாதுகாப்புப் பயிற்சி பெறுவோர் குழி தோண்டி அடுக்கடுக்காக ஆராயவும், பனியை நிறுத்துப் பார்க்கவும் கற்கிறார்கள்.

1920-களில் கிரீன்லாந்துக்குச் சென்ற சர்ச், இந்திய அரசின் அழைப்பை ஏற்று 1947-இல் இமயமலைக்கும் வந்தார். அப்போது அவருக்கு வயது 78. பனி உருகும் நீரை நம்பியுள்ள நம் வட இந்திய ஆறுகளுக்கு அந்த அளவீடு எவ்வளவு இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1959-இல் அவர் மறைந்தார். அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் தாங்கிய நுண்கலைக் கட்டடத்தில் அவரது அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது.

பற்றாக்குறையான ஒன்றைப் பங்கிடுவது பொருளியலின் அடிப்படைச் சிக்கல். இருப்பு எவ்வளவு என்பதில் உடன்பாடு இல்லாதபோது பங்கீடு பூசலாகவே முடிகிறது. இருப்பைக் கூட்டும் ஆற்றல் சர்ச்சுக்கு இல்லை. எவரும் ஏற்கத்தக்க முறையில் அதை அளந்து காட்டினார். அதற்காகக் கடுங்குளிரில் தாமே மலையேறினார். நதிநீர் குறித்து வாதிடும் எவரும் முதலில் கற்க வேண்டிய பாடம் அதுவே.